கான்டெக்ஸ்ட் டிஃப்பை யூனிஃபைடாக மாற்றி ஏற்ற உதவி வேண்டும்

வணக்கம். ஒரு பழைய சி நிரலுக்கான பேட்ச் கோப்பு (நிரலில் செய்ய வேண்டிய மாற்றங்களின் பட்டியல்) கிடைத்திருக்கிறது. கான்டெக்ஸ்ட் டிஃப் வடிவம்: நட்சத்திரக் கோட்டுக்குக் கீழே பழைய வரிகள், அப்புறம் புதிய வரிகள், மாறிய வரிக்கு முன்னால் ஆச்சரியக்குறி. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் அப்ளை கட்டளை இதைத் தொடவே மாட்டேன் என்கிறது. அதற்கு, பழைய வரிகளையும் புதிய வரிகளையும் கழித்தல், கூட்டல் குறிகளோடு ஒன்றாகக் காட்டும் யூனிஃபைட் டிஃப்தான் வேண்டும்.

பேட்ச் கட்டளை வடிவத்தைத் தானே கண்டுகொள்கிறது. பி1 (கோப்புப் பாதையின் முதல் பகுதியை விட்டுவிடும் தெரிவு) கொடுத்து, எதையும் மாற்றாத டிரை ரன் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலான ஹங்குகள் (மாற்றத் துண்டுகள்) சில வரிகள் தள்ளிப் பொருந்துகின்றன. ஒரு கோப்பில் மட்டும் எல்லாமே ஃபெயில், வரி முடிவுகள் வேறு என்ற குறிப்போடு. அந்தக் கோப்பு விண்டோஸ் பாணியில் (ஒவ்வொரு வரி முடிவிலும் சிஆர், எல்எஃப் என இரண்டு குறிகளோடு) சேமிக்கப்பட்டிருக்கிறது. சுற்றியுள்ள வரிகள் எத்தனை பொருந்தாமல் போகலாம் என்று சொல்லும் ஃபஸ் எண்ணைக் கூட்டி வலுக்கட்டாயமாக ஏற்ற விருப்பமில்லை. தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டால் கம்பைலர்கூடக் காட்டிக்கொடுக்காது.

பேட்ச்யூட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்பில் உள்ள ஃபில்டர்டிஃப் வடிவத்தை மாற்றித் தரும், அது சரி. கேள்வி வரி முடிவைப் பற்றித்தான். மூலக் கோப்பை டாஸ்டுயூனிக்ஸ் (வரி முடிவுகளை யூனிக்ஸ் பாணிக்கு மாற்றும் கருவி) கொண்டு மாற்றினால் கோப்பு முழுக்க மாறியதாக கிட் காட்டுமே! அதற்குப் பதில் பேட்சை விண்டோஸ் பாணிக்கு மாற்றலாமா? அப்படியென்றால் மற்ற கோப்புகளின் ஹங்குகளைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் கட்டளையோடு சொல்லுங்கள்.