தார்ப் பாலைவன மணலும் சாலையோர நெல்லும்: படத்தில் இருந்தவர்கள் சொன்னவை

நான் எடுக்கும் புகைப்படத்தில் இருப்பவரிடம் பேசிய பிறகுதான் அந்தப் படம் எதைப் பற்றியது என்பது எனக்குத் தெளிவாகிறது. இந்த இரண்டு அனுபவங்களும் அப்படி அமைந்தவை.

மார்கழியில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்குச் சென்றிருந்தேன். நகருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள சாம் மணல்மேடுகளில், நண்பகல் வெயிலில் மணல் தட்டையாகத்தான் தெரிகிறது. அந்தப் பளபளப்பைக் கண்டு கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் படத்தின் ஒளியைக் குறைத்துவிடுவதால், ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு ஒளி) கூட்டி வைக்காவிட்டால் பொன்னிற மணல் சாம்பல் பூத்துப்போகும். அங்கே ஒட்டகம் ஓட்டும் பெரியவர் ஒருவர், எங்கள் ஓட்டுநர் வாயிலாக, பொழுது சாயும்வரை பொறுத்திருக்கச் சொல்லி, காலடி படாத சரிவு ஒன்றைக் காட்டினார். பக்கவாட்டில் வெயில் விழுந்தபோது, காற்று வரைந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் முளைத்தது. காத்திருந்த நேரத்தில், தீவனத்துக்காகக் கிளை கழித்த முள்மரம் ஒன்றின் தழையை அவர் ஒட்டகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் கேஜ்ரி என்று அழைக்கும் அந்த மரம், கும்பகோணம் ஆதிகும்பேஸ்வரர் கோயிலின் தலமரமான நம் வன்னியேதான். அதன் காயை உலர்த்தி வைத்து ஆண்டு முழுவதும் கறி சமைப்பதாக அவர் சொன்னபோது, கோயிலில் வலம் வந்து வணங்கும் மரம் அங்கே ஒரு குடும்பத்துக்கே சோறு போடுவதை எண்ணி நெகிழ்ந்துபோனேன்.

இரண்டாவது அனுபவம் நம் ஊர்ச் சாலையில் கிடைத்தது. சம்பா அறுவடை நடக்கும் தை மாதத்தில், மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி செல்லும் வழியில், தார்ச்சாலையின் ஓரத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓர் அம்மா பாதங்களைத் தரையோடு இழுத்து நடந்து நெல்லைக் கிளறிவிட, அவர் போன தடமெல்லாம் மணல்மேட்டு வரிகளைப் போலவே நீண்டு கிடந்தது. எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "எடுத்துக்குங்க தம்பி. ஆனா ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல இருந்தா அரசு கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க, அதனாலதான் ரோட்டுல கெடக்கோம்னு சேர்த்து எழுதுங்க" என்றார். அந்தச் சொல் இல்லாமல் அந்தப் படத்தைக் காட்டுவது முறையாகாது என்றே கருதுகிறேன். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்பவர்களுக்கு, அவர் முதுகில் ஏறிய வெயில் தெரிவதில்லை.

கும்பகோணத்தில் உள்ள எங்கள் ஸ்டுடியோவின் முன்கூடத்தில் இவ்விரு வகைப் படங்களையும் ஒரே அளவில் அச்சிட்டு அடுத்தடுத்து மாட்டியிருக்கிறோம். ஒவ்வொன்றின் கீழும் அதில் இருப்பவர் சொன்னது எழுதப்பட்டிருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஒரு பிரதியை நேரில் கொடுத்துவிட்டேன். பெரியவருக்கு உரியது அஞ்சலில் போயிருக்கிறது. பங்குனி முடியும்வரை மாலை வேளைகளில் வந்து பார்க்கலாம். டெல்டாச் சாலைகளில் எடுத்த பழைய நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் அச்சிட்டு மாட்டித் தருகிறோம். படத்தில் இருப்பவரின் ஒப்புதலும், அவர் சொல்ல விரும்பும் ஒரு வரியும் உடன் இருக்க வேண்டும்.