வாட்ச்மேனின் ஆதாரை யார் போட்டது?

குழு: நம்ம பில்டிங் (ஆதம்பாக்கம்), 23 பேர்

*சனிக்கிழமை*

சுதா எஃப்-3, இரவு 10:42
யாராவது அந்த ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லுங்களேன். என் மாமியார் மாத்திரை போட்டும் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறார்.

கார்த்திக் எஸ்-4, 10:43
என் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது அக்கா. கோயிலா, கட்சியா?

சுதா எஃப்-3, 10:44
ஒன்பது வரை அம்மன் பாட்டு. அதற்கப்புறம் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. இரண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர்தான்.

நிர்மலா எஸ்-2, 10:47
இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கியே வைக்கக் கூடாது. 2000-லேயே வந்த விதி. வீடுகள் இருக்கும் இடத்தில் இரவு 45 டெசிபல்தான் எல்லை. நம் வீட்டு மிக்சியே அதைத் தாண்டிவிடும். 100-க்கு அடியுங்கள்.

செக்ரட்டரி பாலு எஃப்-1, 10:48
யாரும் அடிக்க வேண்டாம். யார் அடித்தது என்று தெரிந்துவிடும். அப்புறம் குப்பை வண்டி நம் வாசலில் நிற்காது.

சுதா எஃப்-3, 10:48
அடித்துவிட்டேன் சார்.

சுதா எஃப்-3, 11:21
நின்றுவிட்டது!

ஜாஃபர் ஜி-2, 11:22
போலீஸ் வந்ததா?

சுதா எஃப்-3, 11:22
கரண்ட் போய்விட்டது பாய்.

*ஞாயிற்றுக்கிழமை*

செக்ரட்டரி பாலு எஃப்-1, காலை 8:05
[படம்] [படம்]
புது வாட்ச்மேன் முனுசாமி. நேற்று முதல் டியூட்டி. ஆதார் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் போட்டிருக்கிறேன். பாதுகாப்புக்காக எல்லோரும் சேவ் செய்துகொள்ளவும். மெயின்டனன்ஸ் பாக்கி உள்ளவர்கள் இன்றாவது கட்டவும்.

கார்த்திக் எஸ்-4, 8:07
👍

சுதா எஃப்-3, 8:10
நன்றி சார். தெருக் குழுவிலும் போட்டுவிட்டேன், அவர்களும் ஆள் தேடுகிறார்கள்.

நிர்மலா எஸ்-2, 8:31
பாலு சார், அந்தப் படங்களைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முழு நம்பர், பிறந்த தேதி, ஊர் விலாசம் எல்லாம் தெரிகிறது. ஆதார் எண்ணை இப்படிப் பலரும் பார்க்கும்படி வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டத்திலேயே இருக்கிறது. சுதா அக்கா, நீங்களும் அங்கே எடுத்துவிடுங்கள்.

செக்ரட்டரி பாலு எஃப்-1, 8:40
இது நம் பில்டிங் குழு அம்மா, வெளியாள் யாரும் இல்லை. பக்கத்துத் தெருவில் போன மாதம் பேட்டரி திருடு போனது தெரியும்தானே? அவர் நல்லவர் என்றால் பயப்பட என்ன இருக்கிறது?

சுதா எஃப்-3, 8:44
அதுதானே. நமக்கு என்ன, அவர் பேரில் லோனா வாங்கப் போகிறோம்?

ஜாஃபர் ஜி-2, 8:58
நாம் வாங்க மாட்டோம் அக்கா. ஆனால் பேப்பர் எங்கெங்கே போகும் என்று ஜெராக்ஸ் கடைக்காரன் எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நூறு ஆதார் என் மெஷினில் ஓடுகிறது. கோணலாக விழுந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் கிழித்துத்தான் போடுவேன். எல்லாக் கடையிலும் கிழிப்பார்களா? ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு நாள் மசால்வடை வாங்கினேன். எண்ணெய் ஊறின காகிதத்தில் ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆதார் போட்டோ. வடையைச் சாப்பிட மனசு வரவில்லை.

கார்த்திக் எஸ்-4, 9:01
ஆதார் போட்டோவில் சிரித்தவர் ஒருவர் இருக்கிறாரா பாய்?

ஜாஃபர் ஜி-2, 9:02
😄 அதனால்தான் ஞாபகம் இருக்கிறது.

ஜாஃபர் ஜி-2, 9:05
இன்னொன்று. முதல் எட்டு எண்ணை மறைத்துக் கடைசி நான்கு மட்டும் தெரிகிற மாதிரி ஆதாரை அரசாங்கத் தளத்திலேயே எடுக்கலாம். செலவு இல்லை. நான் சொன்னால், ‘முழுசாவே இருக்கட்டும் பாய், அப்புறம் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்’ என்கிறார்கள்.

கார்த்திக் எஸ்-4, 9:15
இதுக்குத்தான் கேட் ஆப் போடலாம் என்று ஆறு மாதமாகச் சொல்கிறேன். வருகிறவர் முகத்தை ஒரு படம், நம் போனுக்கு ஒரு ஓடிபி, முடிந்தது. காகிதமே வேண்டாம்.

நிர்மலா எஸ்-2, 9:17
அந்தப் படமெல்லாம் எங்கே போய் இருக்கும்?

கார்த்திக் எஸ்-4, 9:17
கிளவுடில்.

ராமமூர்த்தி ஜி-1, 9:25
அது யார் வீட்டு மாடி தம்பி?

சுதா எஃப்-3, 9:31
ஆப் எல்லாம் வேண்டவே வேண்டாம். போன வாரம் ஒரு துணிக்கடையில் நடந்ததைக் கேளுங்கள். ஒரே ஒரு உள்பாவாடை, 240 ரூபாய். பில் போடுகிற பெண் போன் நம்பர் கேட்டாள். எதற்கு என்றேன். நம்பர் இல்லாமல் பில் வராது, சிஸ்டம் எடுக்காது என்றாள். நானும் விடவில்லை. பின்னால் பத்துப் பேர் நின்று முணுமுணுக்கிறார்கள். கடைசியில் மேனேஜர் வந்து அவருடைய நம்பரையே போட்டார். என் பாவாடைக்கு அவருக்குக் குறுஞ்செய்தி போயிருக்கும்.

நிர்மலா எஸ்-2, 9:36
சரியாகத்தான் செய்தீர்கள் அக்கா. நம்பர் தராவிட்டால் பில் இல்லை என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023-லேயே மத்திய நுகர்வோர் துறை சொல்லியிருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்து இலக்கப் போன் நம்பருக்கு நீங்கள் அரை மணி நேரம் சண்டை போட்டீர்கள். முனுசாமி அண்ணனுடைய பன்னிரண்டு இலக்கத்தை ஒரே நொடியில் தெருவுக்கு அனுப்பிவிட்டீர்களே?

சுதா எஃப்-3, 9:37
அது வேறு, இது வேறு.

சுதா எஃப்-3, 9:37
நான் கடைக்குப் போகிறவள். அவர் வேலைக்கு வருகிறவர்.

நிர்மலா எஸ்-2, 9:39
ஆமாம், அதனால்தான் மேனேஜர் உங்களிடம் இறங்கி வந்தார்.

கார்த்திக் எஸ்-4, 9:52
எல்லோரும் சட்டம் பேசுகிறோம், நானும் ஒன்று. ஐ.டி. சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு, ஆன்லைனில் எழுதினதற்கு ஆளைப் பிடிக்க வைத்திருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? 2012-ல் புதுச்சேரிக்காரர் ஒருவர் ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்கு விடியற்காலையில் வீட்டுக்கு வந்து பிடித்துப் போனார்கள். அதே வருடம் மும்பைப் பக்கம் பால்கரில் இரண்டு பெண்கள். ஒருத்தி பேஸ்புக்கில் எழுதினாள், இன்னொருத்தி லைக் மட்டும் போட்டாள். இரண்டு பேரும் கைது. உச்ச நீதிமன்றம் 2015-ல் அந்தப் பிரிவையே தூக்கி எறிந்தது. ஆனால் 2021-ல் பார்த்தால் போலீஸ் அதே செத்த பிரிவில் இன்னமும் வழக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது

செக்ரட்டரி பாலு எஃப்-1, 9:53
கார்த்திக், நிறுத்துங்கள். இந்தக் குழுவில் அரசியல் கூடாது என்று விதி. தண்ணீர், மோட்டார், லிஃப்ட், மெயின்டனன்ஸ் மட்டும். ஏதாவது வம்பு வந்தால் அட்மின் என்று என்னைத்தான் பிடிப்பார்கள்.

நிர்மலா எஸ்-2, 9:58
அட்மின் என்பதற்காக மட்டும் பிடிக்க முடியாது சார். 2021 டிசம்பரில் நம் மதுரைக் கிளையிலேயே இப்படி ஒரு வழக்கு வந்தது. அட்மினும் கரூர் வக்கீல் ஒருவர்தான், குழுவும் வக்கீல்களுடையது. யாரோ போட்டதற்கு, அட்மினாக இருந்தது தவிர அவர் வேறு எதுவும் செய்யவில்லை என்றால் அவரைச் சேர்க்க முடியாது என்றார்கள். அடுத்த வருடம் கேரள உயர் நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. நிம்மதியாகக் காபி குடியுங்கள்.

செக்ரட்டரி பாலு எஃப்-1, 9:59
வக்கீலே ஜெயிக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நான் எங்கே போவேன்?

ராமமூர்த்தி ஜி-1, 10:34
பாலு, உன் விதியைப் பார்த்ததும் பழைய ஞாபகம். எழுத நேரமாகிவிட்டது, கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை.

1976-ல் எனக்கு 24 வயது. ஐ.சி.எஃப்-ல் சேர்ந்து மூன்று வருடம். எமர்ஜென்சி அதற்கு முந்தின ஜூனிலேயே வந்துவிட்டது. ஆனால் இங்கே கொஞ்சம் மூச்சு விட முடிந்தது, வடக்கே இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஜனவரி 31 அன்று இங்கே தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். அன்று ராத்திரியிலிருந்து ஆட்களைக் காணோம். யார் உள்ளே, யார் வெளியே என்று தெரியாது. பேப்பரில் போட முடியாது, தணிக்கை. அப்போது அந்தக் கட்சிப் பேப்பர் முரசொலியில் பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளன்று ஒரு பட்டியல் வந்தது. அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று. ஊர் ஊராகப் பெயர்கள். வேறு ஒன்றும் இல்லை. கைது என்ற வார்த்தையே கிடையாது. எங்கள் ஷாப்பில் ஒருவர் அந்தப் பேப்பரை மடித்துச் சாப்பாட்டு டப்பா அடியில் வைத்துக் கொண்டுவந்தார். அவர் அந்தக் கட்சிகூட இல்லை. நானும் எந்தக் கட்சியும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாராவது தனியாக மெசேஜ் போடுவீர்கள்.

நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று போர்டு ரொம்ப நாளாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் பேசுவார்கள், அவர்தான் ஆரம்பித்தே வைப்பார். அந்த பிப்ரவரியில் போனேன். போர்டு அங்கேயேதான் இருந்தது. யாரும் பேசவில்லை. கத்தரி சத்தம் மட்டும் கேட்டது. ஒரு போர்டை எல்லோரும் மதித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜாஃபர் ஜி-2, 10:41
🙏 தாத்தா

கார்த்திக் எஸ்-4, 10:43
தாத்தா, இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

ராமமூர்த்தி ஜி-1, 10:46
மோட்டார், லிஃப்ட் மட்டும் என்று விதி இருக்கிறதே.

நிர்மலா எஸ்-2, 10:55
அந்த வருடம் ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், எமர்ஜென்சியில் ஒருவரைப் பிடித்து வைத்தால் ஆட்கொணர்வு மனுகூட எடுபடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஐந்து பேரில் ஒருவர், நீதிபதி கன்னா, மட்டும் ஒப்பவில்லை. ஒப்பியவர்களில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பில், அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று எழுதியவர் அவருடைய மகன்.

அந்த வழக்கைப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி. 2012-ல், தம் 86 வயதில், ஆதாரை எதிர்த்துப் போட்டார்.

ராமமூர்த்தி ஜி-1, 10:58
86-லா. அப்படியென்றால் எனக்கு இன்னும் நாள் இருக்கிறது. பாலு, ஜாக்கிரதை.

செக்ரட்டரி பாலு எஃப்-1, 11:04
எல்லோரும் சேர்ந்து என்னை இந்திரா காந்தி ஆக்கிவிட்டீர்கள். நான் வாட்ச்மேன் போட்டவன், அவ்வளவுதான். சம்பளம் இல்லாத செக்ரட்டரி வேலை. வேண்டுமானால் நாளைக்கே வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாஃபர் ஜி-2, 11:09
கோபப்படாதீர்கள் பாலு சார். உங்களைச் சொல்லவில்லை. பேப்பர் கேட்பது எனக்குப் பழகிப்போன விஷயம். இங்கே வருவதற்கு முன்னால் ஏழு வீடு பார்த்தேன். போனில் எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். பேர் சொன்னதும், ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’. ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. நீங்கள்தான் பேரைக் கேட்டுவிட்டு, ‘அட்வான்ஸ் என்றைக்குத் தருவீர்கள்?’ என்று அடுத்த கேள்வி கேட்டீர்கள். அது எனக்கு மறக்காது.

செக்ரட்டரி பாலு எஃப்-1, 11:20
🙏

*செக்ரட்டரி பாலு எஃப்-1 இந்தச் செய்தியை நீக்கியுள்ளார்*
*செக்ரட்டரி பாலு எஃப்-1 இந்தச் செய்தியை நீக்கியுள்ளார்*

செக்ரட்டரி பாலு எஃப்-1, 11:23
எடுத்துவிட்டேன். சேவ் செய்தவர்களும் அழித்துவிடவும். ஜெராக்ஸ் ஒன்று என் பீரோவில் இருக்கும். அதுகூடக் கூடாது என்று சொல்லாதீர்கள்.

நிர்மலா எஸ்-2, 11:24
பீரோ போதும் சார். நன்றி.

*திங்கட்கிழமை*

சுதா எஃப்-3, மதியம் 1:15
தெருக் குழுவில் நான் போட்டதையும் நேற்றே எடுத்தேன். அதற்குள் அங்கே பதினான்கு பேர் பார்த்துவிட்டார்கள். அவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் பேபியம்மா பாத்திரம் தேய்க்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, ‘என்னுதும் மூணு வருஷம் முன்னாடி வாங்கி வச்சீங்களேம்மா, எங்க இருக்குது?’ என்று கேட்டார். தேடினேன். கேஸ் புத்தகத்தோடு ஒன்று, பரணில் ஒன்று. இரண்டாவது காப்பி எதற்கு வாங்கினேன் என்றே நினைவில்லை. இரண்டையும் கொடுத்துவிட்டேன். ‘உங்க வீட்டு ஆதாரை நான் கேட்டா குடுப்பீங்களா?’ என்றார். சும்மா விளையாட்டாகத்தான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

நிர்மலா எஸ்-2, 1:22
❤️

சுதா எஃப்-3, 1:24
ஹார்ட் எல்லாம் வேண்டாம். நேற்று நீ என்னைக் கேட்ட கேள்விக்கு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அடை வார்த்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொண்டு போ.

கார்த்திக் எஸ்-4, மாலை 6:40
முனுசாமி அண்ணனிடம் இப்போதுதான் பேசினேன். உங்கள் ஆதாரை எடுத்துவிட்டோம் என்றேன். ‘எதுல போட்டீங்க?’ என்று கேட்டார். அவருக்கு விஷயமே தெரியாது. எத்தனையோ இடத்தில் கொடுத்தாச்சு தம்பி என்றார். அப்புறம் அவராகவே ஒன்று கேட்டார். மோட்டார் ரூமில் படுக்கச் சொல்லியிருக்கிறோம். அங்கே ஃபேன் இல்லையாம், கொசு பிடுங்குகிறதாம். பாத்ரூம் போக வேண்டுமென்றால் எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போகிறாராம். கடை பத்து மணிக்கு மூடிவிடுகிறது.

செக்ரட்டரி பாலு எஃப்-1, 6:48
அடுத்த ஜெனரல் பாடியில் வைப்போம்.

ராமமூர்த்தி ஜி-1, 6:50
அது எப்போது?

செக்ரட்டரி பாலு எஃப்-1, 6:51
ஜூலை.

ஜாஃபர் ஜி-2, 6:55
கடையில் பழைய டேபிள் ஃபேன் ஒன்று சும்மா கிடக்கிறது. கொஞ்சம் சத்தம் போடும், நன்றாக ஓடும். ராத்திரி கொண்டுவருகிறேன்.

ராமமூர்த்தி ஜி-1, 6:58
தரைத்தளப் பின்பக்க பாத்ரூம் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நாலு வருடமாக உடைசல் சாமான் போட்டு வைத்திருக்கிறோம். கார்த்திக், வந்து ஒரு கை கொடு.

சுதா எஃப்-3, 7:02
அந்த உடைசலில் என் பழைய கிரைண்டர் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

செக்ரட்டரி பாலு எஃப்-1, 9:30
மோட்டார் போட்டாயிற்று. 9:50-க்கு யாராவது நிறுத்தவும்.