லென்டிகுலர் அச்சு: ‘வரிவில்லை அச்சு’ எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

ராக் இசைக்குழுக்களின் ஒளிப்படங்களை, சாய்த்தால் காட்சி மாறும் அல்லது ஆழம் தெரியும் லென்டிகுலர் முறையில் அச்சிட்டு எண்ணும் கையொப்பமும் இட்டு விற்கிறார்களே, அதற்குத் தமிழ்ப் பெயராக நம் கலைச்சொல் பட்டியலுக்கு இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘முப்பரிமாண அச்சு’ வேண்டவே வேண்டாம். அந்தப் பெயர் த்ரீடி பிரின்டிங்குக்கு நிலைத்துவிட்டது. ‘அசைபடம்’ என்றால் எல்லோரும் அனிமேஷன் என்றுதான் நினைப்பார்கள்.

படம் என்ன செய்கிறது என்பதை வைத்துப் பெயரிட்டால் இந்தச் சிக்கல் தீராது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1967 இசைத்தட்டு ‘தெயர் சாட்டானிக் மெஜஸ்டீஸ் ரிக்வெஸ்ட்’ உறையை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கேல் கூப்பர் எடுத்த படம். உறையின் மேல் தனியாக ஒட்டியிருக்கும் அந்தப் படத்தில் ஆழமும் தெரியும், சாய்த்துப் பார்த்தால் குழுவினரின் முகங்களும் திரும்பும். ஒரே பொருளில் இரண்டு வேலை! வேறு படங்களில் ஒரு காட்சி மறைந்து இன்னொன்று வரும், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் பொதுவானது மேலே இருக்கும் அந்த வரி வரியான பிளாஸ்டிக் தகடு ஒன்றே. நகத்தைக் குறுக்கே ஓட்டினால் ‘கர்ர்’ என்று ஒலிக்கும், பள்ளிக்கூடத்தில் பொம்மைப்பட ஸ்கேலில் எல்லோரும் செய்து பார்த்ததுதான். ஒவ்வொரு வரியும் நீளவாக்கில் பாதியாகப் பிளந்த உருளை போன்ற ஒரு வில்லை, அதாவது லென்ஸ். அடியில் பல படங்களைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி இடைகலந்து அச்சிட்டிருப்பார்கள், கண் இருக்கும் கோணத்துக்கு ஏற்ற கீற்றை மட்டும் வில்லை காட்டும்.

‘வில்லைப்படம்’ போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். லத்தீனில் லென்ஸ் என்றால் பருப்பு, அந்த வட்ட வடிவம் நம் வில்லைக்கும் நன்றாகப் பொருந்துகிறது, சந்தன வில்லை என்கிறோமே. ஆனால் இங்கே வட்டம் எதுவும் இல்லை. ஆகவே ‘வரிவில்லை’ என்பது என் பரிந்துரை: வரிவில்லைத் தகடு, வரிவில்லை அச்சு, வரிவில்லைப் படம். இன்னொரு வசதி, அங்குலத்துக்கு எத்தனை லென்ஸ் என்ற கணக்கை ‘அங்குலத்துக்கு 40 வரி’, ‘75 வரி’ என்று அப்படியே சொல்லிவிடலாம். பொதுவாக வரி குறைந்த தகடு தள்ளி நின்று பார்க்கும் பெரிய படங்களுக்கு, கூடியது கையில் வைத்துப் பார்ப்பதற்கு. வரி என்றால் டாக்ஸ் என்று குழம்புவார்கள் என்ற கவலை எனக்கில்லை, வரிக்குதிரையை யாரும் அப்படி எண்ணியதில்லை.

அப்புறம், லிமிடெட் எடிஷன், அதாவது இத்தனை படிகள் (நகல்கள்) மட்டுமே என்று வரையறுத்து அச்சிடுவது. ‘பதிப்பு’ என்றால் புத்தகம் நினைவுக்கு வருகிறது. 25 படிகளில் 7ஆவது என்று ஓரத்தில் 7/25 எழுதுவதை ‘எண்ணிட்ட படி’ என்போம். ஏட்டுப்படி, கைப்படி என்று ஏற்கெனவே உள்ள சொல்தான். வரிவில்லைப் படத்துக்கு இது மிகவும் முக்கியம், ஏனென்றால் இதை ஸ்கேன் செய்தால் எல்லாக் காட்சிகளும் ஒன்றன்மேல் ஒன்று கலங்கித்தான் விழும். முகம் திரும்புவதைப் பார்க்க அந்தப் படியே கையில் இருக்க வேண்டும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.