“சரியா இருக்கா மிஸ்?”: ஓசிடியும் பதட்டமும் உள்ள பிள்ளையோடு பள்ளிக் காலத்தைக் கடப்பது – அனுபவப் பகிர்வு

பள்ளி ஆலோசகர், கும்பகோணம்

விரும்பாத எண்ணமோ சந்தேகமோ திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலை (இதைத்தான் ‘சடங்கு’ என்கிறோம்) நிறுத்த முடியாமல் செய்ய வைக்கும் மனநோய்தான் ஓசிடி. ஓசிடி என்றதும் எல்லாருக்கும் கை கழுவுவதுதான் ஞாபகம் வரும். வகுப்பறையில் அது பல வேஷத்தில் வரும். அழித்து அழித்து ஓட்டை விழுந்த நோட்டு. பாதியில் நிற்கும் பரீட்சைத் தாள். மணி அடித்து எல்லாரும் கிளம்பிய பிறகும் பையைத் திறந்து திறந்து பார்ப்பது. தோப்புக்கரணக் கணக்கு தப்பிவிட்டது என்று பள்ளி வாசல் பிள்ளையாரிடம் திரும்ப ஓடுவது. ஒரே பீரியடில் பத்துத் தடவை “சரியா இருக்கா மிஸ்?” என்று கேட்பதும் இதில் சேர்ந்ததுதான். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

“சரியாத்தான்டா இருக்கு” என்று சொன்னதும் பிள்ளை முகம் தெளிந்துவிடும். ஆனால் அது சில நிமிஷத்துக்குத்தான். கேட்டதால்தான் தப்பித்தோம் என்று மனசு பழகிக்கொள்வதால் அடுத்த சந்தேகம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் பலமாக வரும். கை கழுவினால் வரும் நிம்மதிக்கும் இதே கதிதான். அதனால்தான் பாசமான டீச்சர், பாசமான அம்மா இருக்கும் இடத்தில் சில நேரம் ஓசிடி வேகமாக வளர்கிறது. பாசத்தைக் குறைக்க வேண்டாம், பதிலைக் குறைத்தால் போதும்.

எடுத்த எடுப்பில் பதிலை நிறுத்தினால் பிள்ளை தவித்துப்போகும். பிள்ளையிடம் முன்கூட்டியே பேசி, ஒரு நாளைக்கு ஐந்து சின்னச் சீட்டு கொடுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு சீட்டு. வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வரலாம். சீட்டு தீர்ந்த பிறகு கேட்டால் வீட்டிலும் பள்ளியிலும் ஒரே வாக்கியம்தான் வர வேண்டும்: “இது ஓசிடி கேக்குற கேள்வி, இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன். கஷ்டமா இருக்குன்னு தெரியுது, உன்னால தாங்க முடியும்.” அம்மா இப்படிச் சொல்லி, அப்பா இரக்கப்பட்டுப் பதில் சொல்லிவிட்டால் அந்த வார உழைப்பு வீண். அண்ணன் தங்கையிடமும் சொல்லி வையுங்கள், பிள்ளை அடுத்து அவர்களிடம்தான் போகும்.

முதல் சில நாள் அழுகை, கோபம், கேள்வி எல்லாம் கூடும். பலர் இந்த இடத்தில்தான் பயந்து கைவிடுகிறார்கள். இது வரும் என்று தெரிந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம்.

ஆறாம் வகுப்பு ஆசிரியை, திருத்துறைப்பூண்டி பக்கம்

எழுத்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அழித்து எழுதும் பிள்ளையிடம் பென்சிலை வாங்கிக்கொண்டு பேனா கொடுங்கள். தப்பானால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கலாம் என்பது விதி. கையெழுத்துக்கு மார்க் குறைக்க மாட்டோம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். திரும்பத் திரும்பப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு தபால் கார்டு அளவு அட்டை கொடுங்கள். படித்து முடித்த வரியை மூடிக்கொண்டே கீழே இறக்க வேண்டும், மேலே தூக்கக் கூடாது. போர்டைப் பார்த்து எழுதுவதில் பின்தங்கினால் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் முழுசாகக் கொடுத்துவிட்டால் பிள்ளை எழுதுவதையே விட்டுவிடும். பாதியைக் கொடுத்து மீதியை எழுதச் சொல்லுங்கள்.

வெளியே போகும் கார்டு நல்ல ஏற்பாடு. பதட்டம் தலைக்கேறினால் பிள்ளை மேஜையில் கார்டை வைத்துவிட்டுப் பேசாமல் வெளியே போகலாம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம். போகும் இடம் நூலகமோ தலைமையாசிரியர் அறை வராந்தாவோ ஆக இருக்கட்டும். கழிப்பறை வேண்டாம். அங்கே போனால் கை கழுவும் சடங்கு தொடங்கிவிடும், ஐந்து நிமிஷம் அரை மணி நேரமாகிவிடும்.

எல்லார் முன்னாலும் “மறுபடியும் குழாயடிக்குப் போயிட்டியா?” என்று கேட்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளை சடங்கை நிறுத்தாது, ஒளித்துச் செய்யப் பழகிவிடும்.

ஒரு தாய், மயிலாடுதுறை

டீச்சர் சொன்னதோடு வீட்டுப் பக்கத்தையும் சேர்க்கிறேன்.

எவ்வளவு கழுவினால் சரி என்ற கேள்வி வரும். சோப்பு போட்டு 20 விநாடி போதும். டெட்டாலும் வெந்நீரும் வேண்டாம், தோல் வெடித்தால் அந்த எரிச்சலே “இன்னும் அழுக்கு இருக்கு” என்று தோன்ற வைக்கும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். மடி, தீட்டு பார்க்கிற வீடுகளில் எது ஆசாரம், எது நோய் என்று பாட்டிகளுக்குக் குழப்பம் வரும். எளிய அளவு ஒன்று இருக்கிறது: அந்த வீட்டில் மற்றவர்கள் செய்கிற அளவு ஆசாரம், அதைத் தாண்டி நிறுத்த முடியாமல் செய்வது ஓசிடி. வயலுக்கு மருந்து அடித்தவர் குளித்துத் துணி மாற்றியே ஆக வேண்டும். அந்த வயல் ஓரமாக டவுன் பஸ்ஸில் வந்த பிள்ளை வந்ததும் குளிக்க வேண்டியதில்லை. சாதாரணமாகக் கை கால் கழுவினால் போதும்.

பிள்ளை எதையெல்லாம் தொடப் பயப்படுகிறது என்று ஒரு பயப் பட்டியல் போடுங்கள். எதற்கு எவ்வளவு பயம் என்று பிள்ளையே மார்க் போடட்டும், பத்துக்கு. வகுப்புக் கதவுக் கைப்பிடி மூன்று, பஸ் கம்பி ஐந்து, சத்துணவுத் தட்டு ஏழு, பள்ளிக் கழிப்பறைத் தாழ்ப்பாள் ஒன்பது என்று வரும். மூன்று, நான்கில் இருந்து தொடங்குங்கள். கைப்பிடியைத் தொட்டுவிட்டுப் பத்து நிமிஷம் கழுவாமல் இருப்பது, அது பழகியதும் இருபது, பிறகு மத்தியானச் சாப்பாடு வரை. வாரம் ஒரு நாள் பெரிதாகச் செய்வதைவிட தினம் கொஞ்சம் செய்வது பலன் தரும். ஒன்பதில் இருந்து தொடங்கி வலுக்கட்டாயமாகச் சேற்றில் கையை வைக்கச் சொன்னால் பயம் போகாது, பெரியவர்கள் மேல் இருக்கும் நம்பிக்கைதான் போகும். முடிந்தால் பட்டியலை ஒரு சைக்காலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து போடுங்கள். பயத்தை எதிர்கொண்டு சடங்கைத் தடுக்கும் இந்தப் பயிற்சிதான் ஓசிடிக்கு முதல் சிகிச்சை.

காலை வயிற்றுவலியும் குமட்டலும் பெரும்பாலும் நடிப்பு இல்லை. வலி உண்மை, காரணம் பதட்டம். டாக்டரிடம் ஒரு தடவை காட்டி வேறு நோய் இல்லை என்று தெரிந்தபின், ஒரு மணி நேரம் தாமதமாகவாவது அனுப்பிவிடுங்கள். வீட்டில் நிற்கும் நாளில் பள்ளி நேரம் முடியும்வரை டிவியும் போனும் வேண்டாம். தண்டனைக்காகச் சொல்லவில்லை, வீடு பள்ளியைவிடச் சுகமாகிவிட்டால் மறுநாள் படி இறங்குவது இன்னும் கஷ்டம்.

நம்ம பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை தனிப் பரீட்சை. கலெக்டர் நாலு நாள் லீவு விட்டால் அதுவரை ஏறிய படியெல்லாம் சறுக்கும். லீவிலும் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்கே எழுப்பி, அன்றைய பயிற்சியை வாசல் கதவிலோ கடைத்தெருவிலோ செய்ய வையுங்கள். திறக்கிற முதல் நாள் அரை நாளாவது போயே ஆக வேண்டும். ரொம்ப நாள் நின்றுவிட்ட பிள்ளைக்கு முதலில் கேட் வரை, பிறகு ஒரு பீரியட், பிறகு மத்தியானம் வரை என்று தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த டீச்சருக்குப் போய்ச் சேராது.

சிறப்பாசிரியர், தஞ்சாவூர்

தேர்வு பற்றி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் மனநோயும் சேர்ந்திருக்கிறது. ஓசிடியின் பாதிப்பை ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோலில் மருத்துவக் குழு மதிப்பிடும். 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதிந்துவிட்டு அரசு மருத்துவமனைக் குழுமுன் போக வேண்டும். பொதுத்தேர்வுச் சலுகைக்குத் தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஜூனிலேயே வேலையை ஆரம்பியுங்கள், ஜனவரியில் ஓடினால் கிடைக்காது. 2018 மத்திய அரசு வழிகாட்டுதலில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் சொல்லப்பட்டிருக்கிறது.

ஆனால் கூடுதல் நேரம் ஓசிடிக்கு இருபக்கமும் வெட்டும். எழுத நேரம் போதாத பிள்ளைக்கு அது உதவி. சரிபார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு இன்னும் ஒரு மணி நேரச் சித்திரவதை. காலாண்டுத் தேர்விலேயே ஒத்திகை பாருங்கள்: பதில் எழுதியதும் பக்கத்தைத் திருப்ப வேண்டும், கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒரே ஒரு தடவை பார்க்கலாம், தாளைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். வெளியே வந்ததும் வினாத்தாளை வைத்துக்கொண்டு விடை சரிபார்க்க உட்கார வேண்டாம், அடுத்த தேர்வின் பதட்டம் அங்கே தொடங்கிவிடும்.

மறுபடியும் ஆலோசகர், கும்பகோணம்

இரண்டு விஷயம் விட்டுப்போனது.

“அம்மாவைக் கத்தியால குத்திடுவேனோன்னு பயமா இருக்கு மிஸ்”, “சாமியைத் தப்பா நினைக்கிறேன்” என்று பிள்ளை சொன்னால் அதிர்ச்சி அடையாதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். விரும்பாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து பிள்ளையை நடுங்க வைப்பது ஓசிடியின் ஒரு வடிவம். அப்படிச் செய்ய ஆசை என்று அதற்குப் பொருள் இல்லை. வெட்கத்தால் இதை வருஷக்கணக்கில் சொல்லாமலே இருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் “வாழவே பிடிக்கல” என்பது வேறு. அதை நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அடுத்தது மாத்திரை. செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸமின், ஃபுளுவாக்ஸெடின் பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தருபவை. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். இரண்டாவது வாரத்திலேயே “ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. முதல் வாரங்களில் வயிற்று உபாதை, படபடப்பு, தூக்கக் குறைவு வரலாம். மனநிலை திடீரென்று மோசமானால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தானாக நிறுத்தக் கூடாது. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது ஓட்டை விழுந்த நோட்டையும் வகுப்பு டீச்சர் எழுதிய அரைப் பக்கக் குறிப்பையும் கொண்டுபோங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை வாயே திறக்காது.

மனநோய் தீரும் என்று நம்பிக் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு போகிற குடும்பங்களைத் தடுக்க வேண்டியதில்லை. மாத்திரையைக் கையோடு எடுத்துப் போகட்டும். ஒரு மண்டலம் தங்குவதாக இருந்தால் மட்டும் பள்ளி லீவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.