ஸ்க்ரூ முதலாளி ஜோசப் சேம்பர்லின் ஏன் லிபரல் கட்சியை விட்டுப் போனார்?

பழையபேப்பர்:
பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லினைப் பற்றித் தேடப் போய் அவருடைய அப்பா ஜோசப்பிடம் மாட்டிக்கொண்டேன். பர்மிங்காமில் ஸ்க்ரூ ஃபாக்டரி நடத்தியவர், 38 வயதில் தொழிலை விட்டு முழுநேர அரசியலுக்கு வந்து மேயர், எம்.பி., மந்திரி என்று மளமளவென ஏறுகிறார். பிரதமர் கிளாட்ஸ்டனுக்குப் பிறகு லிபரல் தலைவர் இவர்தான் என்று பேச்சு அடிபட்ட நேரத்தில், 1886ல் வெளியே போய்விடுகிறார். கொள்கையா, கோபமா?

ஹார்ட்வேர்க்காரன்:
அரசியல் எனக்குத் தெரியாது, ஸ்க்ரூ தெரியும். இவர் தொழிலுக்கு வருவதற்கு முன்பு ஸ்க்ரூ முனை மொட்டையாக இருக்கும், முழு நீளத்துக்கும் துளை போட்டால்தான் உள்ளே இறங்கும். கூர்முனை ஸ்க்ரூ செய்கிற அமெரிக்க மெஷினை இவருடைய மாமா (அத்தை வீட்டுக்காரர்) நெட்டில்ஃபோல்ட் வாங்கினார், அதற்கு இவருடைய அப்பாவும் பணம் போட்டார், போட்ட பணத்தைப் பார்த்துக்கொள்ள 1854ல் 18 வயதுப் பையனை லண்டனிலிருந்து அனுப்பிவைத்தார். பையன் விற்பனைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, போட்டிக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கிப் போட்டான். அந்த நெட்டில்ஃபோல்ட் பெயரில்தான் ஜி.கே.டபிள்யூ. (கெஸ்ட் கீன் வில்லியம்ஸ்) கம்பெனி ஸ்க்ரூ நம் ஊர்க் கடைகளிலும் விற்றது. பழைய ஆசாரிகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

நடுவரிசை:
அதே புத்தியைத்தான் மேயராக (1873-76) இருந்தபோதும் காட்டினார். ஊரில் ஒன்றுக்கொன்று போட்டி போட்ட இரண்டு கேஸ் கம்பெனிகளையும் நகராட்சி வாங்கியது, அப்புறம் தண்ணீர்க் கம்பெனியையும். எனக்கு இதில் பிடித்த விஷயம், இரண்டுக்கும் ஒரே கணக்குப் போடவில்லை என்பதுதான். கேஸில் லாபம் எடுத்து ஊருக்குச் செலவு செய்யலாம், தண்ணீரில் லாபமே கூடாது, ஏனென்றால் அது சுகாதார விஷயம் என்றார். அழுக்குக் கிணற்றுத் தண்ணீர் குடித்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த ஊர் அது.

சரி, 1886. பிரிட்டன் ஆட்சியில் இருந்த அயர்லாந்துக்குக் கிளாட்ஸ்டன் தனிப் பார்லிமென்ட் தரப் போனார். உள்ளூர் நிர்வாகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், தனிப் பார்லிமென்ட் மட்டும் கூடாது, சாம்ராஜ்யம் உடைந்துவிடும் என்று இவர் மார்ச்சிலேயே மந்திரி பதவியை விட்டார். ஜூன் ஓட்டெடுப்பில் 93 லிபரல்கள் எதிர்த்து ஓட்டுப் போட, 343-313 என்று மசோதா தோற்றது. முந்தைய வருஷமே அயர்லாந்துக்கு வேறொரு திட்டம் வைத்திருந்தவர் என்பதால் கொள்கை என்றுதான் சொல்வேன்.

டீக்கடைப்பெஞ்சு:
கோபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர் காலனி இலாகா கேட்டார், கிளாட்ஸ்டன் உள்ளாட்சி இலாகாவைக் கொடுத்தார். போதாததற்கு, இவருக்குத் துணையாக வந்த நெருங்கிய நண்பர் ஜெஸ்ஸி காலிங்ஸின் சம்பளத்தில் கைவைத்தார். கொள்கை வேறுபாடு இருக்கும்போது இதெல்லாம் சேர்ந்தால் யாருக்குத்தான் கடுப்பாகாது? கேட்ட காலனி இலாகா 1895ல் கிடைத்தது, அதுவும் கன்சர்வேடிவ்களோடு கூட்டணி வைத்த பிறகு. பிறகு 1903ல் இறக்குமதி வரி விவகாரத்தைக் கிளப்பி அவர்களையும் இரண்டாக்கினார்.

பழையபேப்பர்:
நன்றி. ஆக போட்டிக் கம்பெனிகளை ஒன்றாக்கினார், இருந்த கட்சிகளை உடைத்தார்! வியாபாரத்தில் தோற்றதே இல்லையா?

நடுவரிசை:
உண்டு. பஹாமாஸில் கயிறு திரிக்கிற சிசல் கற்றாழை போட்டால் காசு கொட்டும் என்று நம்பி, 1890களில் நெவிலை ஆன்ட்ரோஸ் தீவுக்கு அனுப்பினார். பாவம், பையன் ஆறு வருஷம் வெயிலில் காய்ந்தான். கற்றாழை சரியாக வளரவில்லை, சுமார் 50,000 பவுண்டு அம்பேல்.