பெயர் வெட்டிய குடத்தை எடைக்குப் போடலாமா? உங்கள் வீட்டில் எது ‘கெத்து’?

உறையூரான் கேட்டது:

வீடு மாற்றுகிறோம். உறையூரில் முப்பது வருஷம் இருந்த ஓட்டு வீட்டிலிருந்து இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு. பரணில் இருந்ததை எல்லாம் இறக்கிப் பார்த்தால் எவர்சில்வர் மட்டும் மூன்று சாக்கு. குடம், தவலை, தூக்குவாளி, டிபன் கேரியர், அடுக்கு, இன்னும் பேரே தெரியாத என்னென்னவோ. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. பெரிய குடத்தில் ‘கோ.ச. 12.9.1976’. அது அம்மா அப்பா கல்யாணத் தேதி.

பழைய பாத்திரம் எடுப்பவர் வந்து தராசைத் தூக்கினார். அம்மா போய்ச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “இதெல்லாம் எடைக்குப் போடுற சாமானா, அந்தக் காலத்துல எத்தனை பேர் வீட்டுல இத்தனை பாத்திரம் இருந்துச்சு தெரியுமா” என்று அவரிடம் சண்டை. என் மனைவிக்கோ சமையலறையில் ஓர் அலமாரிதான் இருக்கிறது என்ற கவலை, அதுவும் நியாயம்தான், ஆனால் அந்த ஒரே அலமாரியிலும் அவர் இதுவரை இரண்டு முறைகூடப் பயன்படுத்தாத ஏர் ஃபிரையர் முன்வரிசையில் வீற்றிருக்கிறது, யாராவது வந்தால் கண்ணில் படும்படியாக. சொன்னால் வம்பு.

நானும் ஒன்றும் சுத்தம் இல்லை. எதையும் போனில்தான் எழுதுகிறேன், ஆனால் பார்க்கர் பேனா சட்டைப் பையில் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டேன்.

அதனால் கேட்கிறேன். கார், வீடு, நகை இதெல்லாம் வேண்டாம். அன்றாடம் கையில் புழங்குகிற சின்னச் சாமான்களில், ‘இது என்னிடம் இருக்கிறது’ என்று உங்கள் வீட்டில் நிமிர்ந்து உட்காரவைத்த பொருள் எது? அப்புறம் அந்த மூன்று சாக்கை என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.

பாத்திரக்கடைப்பையன் எழுதியது:

எடைக்குத்தான் போகும், பெயருக்கு ஒரு பைசா கிடைக்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் டூ முடித்த விடுமுறையில் ஒரு பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற வேலை பார்த்தேன். பேனா மாதிரி ஒரு மிஷின், கரண்ட்டில் அதிரும், அதன் ஊசியைப் பாத்திரத்தில் வைத்து எழுத வேண்டும். எனக்கு முன்னால் இருந்த அண்ணன் சின்ன உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாகவே வெட்டுவார், அவர் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். உங்கள் குடத்தில் எழுத்தைத் தடவிப் பாருங்கள், புள்ளி கையில் தட்டினால் அது அந்தக் கால உளி வேலை.

நீங்கள் ஒரு விஷயத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முக்கால்வாசிப் பேர் சொந்தப் பெயரை வெட்டச் சொல்லி வருவதில்லை. கல்யாணத்துக்குக் கொடுக்கப் போகிறவர்கள்தான் வருவார்கள். ‘அன்பளிப்பு’ என்று போட்டு, தன் பெயர், இனிஷியல், ஊர். ஒருவர் ‘பி.ஏ.’வும் சேர்த்து வெட்டச் சொன்னார், சின்னச் சொம்பு அது, இடம் இல்லை, சொம்பின் அடியில் வெட்டினேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. புருஷன் பெயர் முதலிலா பெண்டாட்டி பெயர் முதலிலா என்று என் முன்னாலேயே சண்டை போட்டவர்கள் உண்டு. ஆக அந்த வீட்டுப் பரணில் இருப்பது உங்கள் அம்மாவின் கெத்து மட்டும் இல்லை, கொடுத்தவர் அத்தனை பேருடைய கெத்தும்தான்.

ஒரு பிரயோஜனமும் இருந்தது. விசேஷம் என்றால் தெருவே பாத்திரம் இரவல் கொடுக்கும். பந்தி முடிந்து கழுவிக் கவிழ்த்ததும் பெயரைப் பார்த்துத்தான் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போகும். இப்போது எல்லாம் மண்டபமும் கேட்டரிங்கும், யார் குடமும் யார் வீட்டுக்கும் போவதில்லை.

ஒரு சாக்கு வைத்துக்கொள்ளுங்கள், எந்தச் சாக்கு என்று அம்மா சொல்லட்டும்.

பச்சைமை எழுதியது:

அரசு அலுவலகத்தில் 34 வருஷம் குப்பை கொட்டியவன். எங்கள் உலகத்தில் குடம் இல்லை, துண்டு. நாற்காலியின் முதுகில் போடுகிற டர்க்கி டவல்.

வெயில், ரெக்சின் சீட், தலையில் தேய்த்த எண்ணெய், அதனால் வந்த பழக்கம் என்று காரணம் சொல்வார்கள். அப்படியானால் எங்களுக்கு மட்டும் வியர்க்காதா? உதவியாளருக்கு வெறும் நாற்காலி, கண்காணிப்பாளருக்குக் கை வைத்த நாற்காலி, அதிகாரிக்குத்தான் டவல் போட்ட நாற்காலி. எங்கள் செக்‌ஷனில் ஒருவர் வீட்டிலிருந்து பூப்போட்ட டவல் கொண்டுவந்து தன் நாற்காலியில் போட்டார். அதிகாரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் அந்த டவல் ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த நாளும் ஜன்னலில்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

இன்னொன்று பச்சை மை. கெசட்டட் பதவியில் இருப்பவர்தான் பச்சையில் கையெழுத்துப் போடுவார் என்பது வழக்கம். சர்டிபிகேட் நகலில் அட்டெஸ்டேஷன் வாங்க அலைந்த தலைமுறைக்கு அந்தப் பச்சையின் அருமை தெரியும். எனக்கு ரிட்டையர்மெண்டுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது அந்தப் பதவி வந்தது. உத்தரவு கைக்கு வந்த அன்று சாயங்காலம் நேரே ஸ்டேஷனரிக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கினேன். முதல் பச்சைக் கையெழுத்து எதில் போட்டேன் தெரியுமா, பால் கார்டில். வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இப்போது சுயசான்று போதும் என்று ஆகிவிட்டது, கோப்பும் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. பாட்டிலில் பாதி மை அப்படியே உறைந்து கிடக்கிறது, தூக்கிப் போடவில்லை.

வைகைக்கரை எழுதியது:

மேலே எல்லாரும் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லப் போகிறேன், கோபம் வேண்டாம்.

எங்களுக்குப் பழைய ராமநாதபுரம் ஜில்லா. 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதிக்காரர்கள் எங்கள் ஆட்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அதை அப்படியே பதிவு செய்திருக்கிறார், தேடினால் கிடைக்கும். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இதில் ஒன்று, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறினவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், ஆடு மாடுகளைக் கொள்ளையடித்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் மேலும் பதினொரு தடைகள்.

நான் பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கவில்லை. அப்பத்தா சொல்லித் தெரியும். பெரியவனான பிறகு அந்தப் பட்டியலை அச்சில் பார்த்தபோது, அட, அப்பத்தா கதை விடவில்லை என்று தோன்றியதும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

தாத்தா சம்பாதிக்க ரங்கூன் போய்த் திரும்பும்போது ஒரு குடை கொண்டுவந்தார். ஊர் தாண்டும் வரை அது கக்கத்தில்தான் இருக்கும், கொட்டுகிற மழையிலும். கண்மாய்க் கரை ஏறின பிறகுதான் விரிப்பார், வெயிலே இல்லாவிட்டாலும் விரிப்பார். செருப்பும் அப்படித்தான், கையில் போகும், கையில் வரும். இதை எல்லாம் அப்பத்தா சிரித்துக்கொண்டேதான் சொல்லும்.

அப்பத்தாவுடைய கெத்து ஒரு பித்தளைக் குடம். சீட்டுப் பிடித்த காசில் பரமக்குடியில் வாங்கியது. பகலில் தூக்கி வர முடியாது, பழைய சேலையில் சுற்றி ராத்திரி கொண்டுவந்தார்களாம். கொஞ்ச காலம் அது அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பிறகு காலம் மாறி, அப்பா வேலைக்குப் போன வருஷம், அந்தக் குடத்தை அப்பத்தாவே கடைக்கு எடுத்துப் போய்ப் பெயர் வெட்டிக்கொண்டு வந்தது. படிக்கத் தெரியாது. வெட்டினவர் ஓர் எழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டார். அப்பா சொல்லிக் காட்டியபோது, “என் பேரு என்னன்னு எனக்குத் தெரியாதா, அது கிடக்கு” என்று சொல்லி அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்க் கிணற்றுப் பக்கமாகச் சுற்றித்தான் தண்ணீருக்குப் போகும். அந்தச் சுற்றுப் பாதை அரை மைல் கூடுதல்.

அதனால் உறையூரான், அம்மா சாக்கில் உட்கார்ந்ததை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேநீர்க்கடை எழுதியது:

பார்க்கர் பேனாக்காரர் இதற்கு என்ன சொல்லப் போகிறார் என்று பார்க்கக் காத்திருக்கிறேன். எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. குடை பற்றிப் படித்ததும் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

டைனமோ எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்போது வெளிநாட்டில். எங்கள் வீட்டுப் பெருமை அப்பாவின் றலி சைக்கிள். இங்கிலாந்தில் செய்தது என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். ஒவ்வொரு ஞாயிறும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பது என் வேலை, தம்பியைத் தொடவிட மாட்டார்.

ஆனால் 90க்குப் பிறகு யுத்தத்தில் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. றேடியோ இருந்தவர்கள் வீட்டில் அது வெறும் பெட்டியாகக் கிடந்தது. அப்போதுதான் சைக்கிளில் இருந்த அந்தச் சின்ன டைனமோ பெரிய சாமானாகிவிட்டது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லு நிலத்தில் படாமல், கையால் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவில் இருந்து வயர் றேடியோவுக்கு. இரவு பிபிசி தமிழோசை தொடங்க முன்னரே அயலட்டை முழுக்க எங்கள் விறாந்தைக்கு வந்துவிடும். காரும் கல்வீடும் வைத்திருந்தவர்கள்கூட ஓரமாக நின்று கேட்பார்கள், கார் அவர்கள் வீட்டில் கிடுகு மூடிக் கிடந்தது. சுற்றுகிறவன் நான். கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால் சத்தம் இறங்கிவிடும், எல்லாரும் சேர்ந்து என்னைப் பேசுவார்கள். இந்த உலகத்தில் எனக்கென்று ஒரு மதிப்பு இருந்தது என்றால் அந்த அரை மணித்தியாலம்தான்.

95இல் இடம்பெயர்ந்தபோது அந்தச் சைக்கிளில் அம்மம்மாவை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். பிறகு அது என்ன ஆனது என்ற கதை பெரிது, இங்கே வேண்டாம். டைனமோவை மட்டும் அப்பா கழற்றி எடுத்து வைத்திருந்தார்.

ஓஎம்ஆர்வாசி எழுதியது:

எல்லாரும் அந்தக் காலத்திலேயே நிற்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் ஐடி கார்டு டேக்தான். சாயங்காலம் பஸ்ஸில் பாருங்கள், வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், கழுத்தை விட்டு இறங்காது. நான் புராஜெக்ட் எதுவும் இல்லாமல் பெஞ்சில் இருந்த நாட்களில்தான் டேக்கை அதிகம் மாட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஐபோனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் செல்ஃபி எடுப்பது முகத்தைக் காட்டவா, பின்பக்க ஆப்பிளைக் காட்டவா? அந்தப் போன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலேயே தயாராகிறது. அங்கே லைனில் வேலை பார்க்கிற என் சித்தி மகள் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு. கேட்டால், “நாள் முழுக்க அதைத்தானே பார்க்கிறேன், வீட்டுக்கும் வேண்டுமா” என்கிறாள். ஆனால் முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது ஒரு டைட்டன் வாட்ச், பெரியப்பா எச்.எம்.டி. கட்டியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

உறையூரான் எழுதியது:

பேனாவை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன், தேநீர்க்கடை. எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

எழுத்தைத் தடவிப் பார்த்தேன், புள்ளி தட்டுகிறது, உளி வேலைதான். நேற்று ராத்திரி எல்லாப் பதில்களையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பால் கார்டுக்குச் சிரித்தார். வைகைக்கரை எழுதியதைப் படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒன்றுதான் கேட்டார், “அந்த அம்மாவோட குடம் இப்ப எங்க இருக்காம்?” தெரிந்தால்தான் தூங்குவார் போல இருக்கிறது.

நம் வீட்டில் இப்போதைக்கு ஒன்றரைச் சாக்கு என்று பேச்சு முடிந்திருக்கிறது. ஏர் ஃபிரையர் பரணுக்குப் போகிறது, அதை நான் சொல்லவில்லை, மனைவியே சொன்னார்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி வீட்டில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அடியில் ஓட்டை விழுந்து இரண்டு தடவை பற்று வைத்தாயிற்று, இப்போது தண்ணீர் பிடிப்பதில்லை, அரிசிதான். விளக்கி விளக்கி எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. அந்தத் தப்பான எழுத்து மட்டும் ஆழமாக வெட்டியிருந்ததால் இன்னும் தெரிகிறது.