படிக்கட்டு எங்கே இருக்கிறது?

கொட்டகலைக்காரன்:
லிந்துலைப் பெரியவர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. சிடியில் பாட்டைப் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டிவிடுகிறார்களாம், இசைத்தட்டில்தான் முழுப்பாட்டும் இருக்கிறதாம். ஐயா, சிடிக்குச் செய்வதுபோல் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்தால் 22,050 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 22,050 அதிர்வுக்கு, கீழே உள்ள அலையை அப்படியே திரும்ப வரையலாம். மனிதக் காது 20,000க்கு மேல் போகாது. ஸ்பீக்கருக்கு வருவது வழுவழுப்பான அலை. படிக்கட்டு எங்கே இருக்கிறது?

லிந்துலைப் பழைய ஊசி:
அளக்கிறார்கள் என்று நீயே சொல்கிறாய், தம்பி. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அதைத்தான் படிக்கட்டு என்கிறேன். மலையில் பிறந்தவனுக்குப் படிக்கட்டைத் தெரியாதா? என் வீட்டுக்கு வா. வயலின் நாணில் வில் உரசுவது கேட்கும். உன் கைப்பேசியில் கேட்குமா?

பண்டாரவளைத் தங்கச்சி:
அண்ணன்மாரே, நடுவில் என்ன இருக்கிறது என்பதை அமெரிக்கக் கணித அறிஞர் ஷானன் 1949இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். எங்கள் தாத்தாவின் தட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஈரத்தில் உறையெல்லாம் பூஞ்சணம். வில் உரசுவது கேட்கவில்லை, அடுப்பில் கடுகு பொரிவதுதான் கேட்டது.

லிந்துலைப் பழைய ஊசி:
தட்டைப் படுக்கப் போட்டு அடுக்கியிருப்பார்கள், கழுவியும் இருக்க மாட்டார்கள். அது வீட்டாரின் குற்றம், தட்டின் குற்றமா? ஷானன் கணக்குப் போட்டார், சரி. பாட்டுக் கேட்டாரா? படிக்கட்டுக்குப் பதில் வரவில்லை.

கொட்டகலைக்காரன்:
தட்டின் விளிம்பில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், லேபிளுக்குப் பக்கத்தில் 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் கடைசிப் பாட்டில் 'ஸ' வரும்போதெல்லாம் பாம்பு சீறுகிறது. போன தீபாவளிக்கு உங்கள் வீட்டில் நானே கேட்டேன்.

லிந்துலைப் பழைய ஊசி:
சீறியது தட்டு இல்லை, ஊசி. அதை இரவல் வாங்கிப் போய் வளைத்துக் கொண்டுவந்தது யார்? நான் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்ல வைத்துவிட்டாய்.

கொட்டகலைக்காரன்:
வாங்கும்போதே வளைந்திருந்தது.

அட்டன் மழை:
ஊசியை விடுங்கள். மழை இரவில் கரண்ட் தள்ளாடும்போது பெரியவரின் தட்டு இழுத்து இழுத்துப் பாடுமே, அது எந்தத் தரத்தில் சேர்த்தி?

லிந்துலைப் பழைய ஊசி:
என்னுடையது சிங்க்ரனஸ் மோட்டார். அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வைப் பார்த்து ஓடும், வோல்டைப் பார்த்து ஓடாது. தெரியாததில் தலையிடாதே. முதலில் ஊர்ப் பெயரை ஹட்டன் என்று ஒழுங்காக எழுது.

அட்டன் மழை:
எங்கள் அப்பா அட்டன் என்றுதான் எழுதினார். ஊர் எங்களுடையது.

பண்டாரவளைத் தங்கச்சி:
இதில் ஊர்ச் சண்டை எங்கிருந்து வந்தது?

கொட்டகலைக்காரன்:
ஒன்றே ஒன்று கேட்கிறேன். அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனம் வெளியிட்ட விலை உயர்ந்த தட்டுகள் அசல் நாடாவிலிருந்து நேரே வெட்டியவை என்று உலகமே நம்பியது. பலவற்றுக்கு நடுவில் டிஜிட்டல் இருந்தது 2022இல் வெளிவந்தது. அதுவரை உங்கள் கூட்டத்தின் எந்தக் காது படிக்கட்டைக் கண்டுபிடித்தது?

லிந்துலைப் பழைய ஊசி:
அது சிடி இல்லை, டிஎஸ்டி என்ற வேறு டிஜிட்டல் முறை. நொடிக்குப் பல லட்சம் முறை அளப்பது. படி சிறிதாக இருந்தால் கால் தடுக்காது. ஆக, படி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாய்!

கொட்டகலைக்காரன்:
நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? திரும்பப் படியுங்கள்.

லிந்துலைப் பழைய ஊசி:
படித்தேன். 44,100 என்று முதல் வரிகளிலேயே எழுதியிருக்கிறாய். நடுவில் என்ன இருக்கிறது? அதைச் சொல். ஊசிக்குக் காசு எப்போது வரும் என்பதையும் சேர்த்துச் சொல்.